தரைப்படம்

கையேட்டில் இப்படிப் போட்டிருக்கிறது:
சூரியன் உதிக்கும் பக்கம் கைநீட்டச் சொல்லவும்.
விரிஞ்சிபுரத்தில் எங்கள் அங்கன்வாடிக்குக்
கிழக்கு ஜன்னல் உண்டு.
ஜன்னலுக்கு வெளியே கல்யாண மண்டபத்துச் சுவர்.
"கிழக்கு எங்கே?" என்றேன்.
"மண்டபத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினு கீது டீச்சர்"
என்றான் லோகித்.
தப்பென்று சொல்ல முடியவில்லை.

முட்டை வந்திறங்கிய அட்டைகளைக்
கவிழ்த்துப் போட்டால் மலை.
ஒரு மரம்கூட இல்லாமல்
அச்சு அசல் நம்ம ஊர் மலை.
டிபன் மூடியில் தண்ணீர் ஊற்றினால் அகழி,
நடுவில் ஒரு செங்கல்: கோட்டை.
உள்ளே யார் இருப்பார்கள் என்றதற்கு
போலீஸ் என்றது ஒரு குரல்,
ஐஸ்காரர் என்றது இன்னொன்று.
இரண்டும் சரி.

பாலாற்றுக்கு மட்டும்
என் நீலத் துப்பட்டாவைக் கொண்டுபோயிருந்தேன்.
வளைத்து, நெளித்து, அலை வைத்து
மேற்கிலிருந்து இழுத்துவிட்டேன்.
பதினாலு பேரும் பார்த்தார்கள்.
"பாம்பு."
"துணி காயுது."
"ஆறுடா, நம்ம ஆறு."
ஒருவரும் நம்பவில்லை.
மோனிஷின் அப்பா மணல் டிராக்டர் ஓட்டுகிறவர்.
அவன் எழுந்து போய்
வாசலிலிருந்து இரண்டு கை மணல் அள்ளிவந்து
துப்பட்டாவின் மேல் கொட்டினான்.
"இப்போ ஆறு."
பிறகு கொஞ்சம் யோசித்து
அதில் பாதியைத் தீப்பெட்டியில் ஏற்றிக்கொண்டு
டுர்ரென்று கிளம்பிவிட்டான்.

வெள்ளம் வந்த வருஷம்
இவர்களில் பாதிப்பேர் பிறக்கவில்லை.
கரை முட்டத் தண்ணீர் போச்சு என்று சொல்லிப் பார்த்தேன்.
"எங்க போச்சு?" தன்விகா.
"கடலுக்கு."
"ஏன் திரும்பி வரலை?"
பூகோளத்தில் எனக்கு எப்போதும் முப்பத்தைந்துதான்.

மேற்கே, கோலமாவுக் கோடு முடிகிற இடத்தில் பள்ளிகொண்டா.
அஃபான் அங்கே குப்புறப் படுத்து
ஒரு கையைக் குறுக்கே நீட்டினான்: டோல்கேட்.
தாண்ட ஐந்து புளியங்கொட்டை.
எண்ணத் தெரியாதவர்களிடம்
கைநிறைய வாங்கினான்.
தன்விகா நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினாள்.
"ஃபாஸ்டாக்."
டொய்ங்.
கை தானாக மேலே போனது.

டோல்கேட்டுக்கு அப்பால், நிறையத் தள்ளி,
சுவரோரம் ஒரு சிவப்பு பாட்டில் மூடி வைத்தேன்.
ஆம்பூர்.
ஜெஸ்விதாவின் அம்மா அங்கே ஷூ கம்பெனியில்
ஓரம் தைக்கிறாள்.
விடியுமுன் வேன் வரும்.
வீடு திரும்ப எட்டாகும்.
ஜெஸ்விதா ஒன்றும் பேசாமல் எழுந்தாள்.
டோல்கேட்டைத் தாண்டினாள்
(அஃபான் ஏனோ கொட்டை கேட்கவில்லை).
மூடியை எடுத்துவந்து
தன் முட்டிக்கும் என் புடவைக்கும் நடுவே வைத்தாள்.
நான் மறுபடி சுவரோரம் வைத்தேன்.
அவள் மறுபடி எடுத்துவந்தாள்.
மூன்றாம் முறை நான் எழவில்லை.

அன்றைக்குப் பார்த்து சூப்பர்வைசர்.
எடைப் பதிவேடு, முட்டைக் கணக்கு,
எல்லாம் புரட்டிவிட்டுத் தரையைப் பார்த்தார்.
"ஆம்பூர் இவ்வளவு கிட்டவா?"
நான் வாயைத் திறக்குமுன்
"வேன்ல ஏறித் தூங்கினா வந்துரும்,
எங்கம்மா சொல்லிச்சு" என்றாள் ஜெஸ்விதா.
மேடம் அவளையே கொஞ்சநேரம் பார்த்தார்.
'முன்பருவக் கல்வி நடைபெறுகிறது'
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாம்பார் சாதம் முடிந்ததும் தூக்கம் வந்துவிட்டது,
படத்தை எடுத்துவைக்க நேரமில்லை.
லோகித்துக்குக் கோட்டையில் தலை.
மோனிஷ் ஆற்றில் பாதி, மலையில் பாதி.
யாருடைய காலோ ஆந்திராவுக்குள் போய்விட்டது.
எல்லாத் தாலுகாவுக்கும் சேர்த்து
ஒரே ஒரு ஃபேன்.

சாயங்காலம் கூட்டிப் பெருக்கினால்
மணலுக்கடியில் என் துப்பட்டா கிடைத்தது,
புளியங்கொட்டை பதினேழு,
நசுங்கிய மலை ஒன்று.
ஆம்பூரைக் காணோம்.
"அந்தப் பொண்ணு எதையோ
கையில இறுக்கிப் பிடிச்சுக்கினு போச்சே,
நீங்க வாங்கலையா?"
என்று கேட்டாள் ஹெல்பர் வேண்டா.

நாளைக்கு வேறு மூடி தேட வேண்டும்.
இரண்டாகவே தேட வேண்டும்.
லோகித்துக்கு ராணிப்பேட்டை வேண்டுமாம்,
மண்டபத்துக்கு இந்தப் பக்கம்.